மேற்படியார்

“உனக்கு என்ர கலியாணத்தில பொறாமை. அதைச் சொல்லன்! வாயைத் திறந்து சொல்லன்!”

“பொறாமையோ? ஆரைப் பார்த்து? காத்துப்போன சைக்கிளைப் பூநகரியில இருந்து உருட்டிக்கொண்டு பொம்பிளை பாக்க வந்த மனுசனைப் பார்த்தோ?”

“உருட்டிக்கொண்டாவது சிவகரன் வந்தார். உன்ர படலைக்கு ஆர் வந்தது? வந்ததும் ஒரேயொரு ஆள், அதுவும்…”

அந்த இடத்தில் ஜெயரூபியின் சத்தம் நின்றுபோனது.

வேலிக்கு அப்பால் காது கொடுத்து நின்றவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். இந்தச் சகோதரிகளின் சண்டை தொடங்கினால் உலையில் சோறு குழையும்வரை ஓடும் என்பது ஸ்கந்தபுரம் அறிந்த விசயம். அதை நம்பி அடுப்பைத் தணித்துவிட்டு வந்தவர்களும் உண்டு. மூத்தவள் விமலேஸ்வரிக்கு முப்பத்தாறு வயது, வைத்தியசாலையில் எழுத்துவேலை, தன் கையெழுத்தைத் தவிர உலகத்தில் வேறெதிலும் திருப்தி இல்லாதவள். இளையவள் ஜெயரூபி தையல்காரி; வயது எட்டுக் குறைவு, வாய் எட்டு மடங்கு கூட. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் ஒருத்திக்கு மற்றவள்தான் எல்லாம் என்பதை இருவரும் ஒருநாளும் வாய்விட்டு ஒத்துக்கொண்டதில்லை.

விமலேஸ்வரி அகப்பையைப் பிடித்தபடி அடுத்த சொல்லுக்காகக் காத்து நின்றாள். குசினிக்குள் மிளகாய் கருகிய நெடி தொண்டையை அரித்தது. உச்சி வெயிலில் கூரைத் தகரம் விட்டுவிட்டு முறிகிற சத்தம், கிணற்றடியில் வாளி கயிற்றோடு உரசுகிற சத்தம், எங்கேயோ ஒரு கோழியின் கொக்கரிப்பு எல்லாம் திடீரென்று மிகக் கிட்டக் கேட்டன. தங்கையின் முகத்தில் இருந்த கோபத்தை யாரோ ஈரத் துணியால் துடைத்தெடுத்தாற்போல் இருந்தது. அவள் கதிரையை விட்டு இறங்கி நிலத்தில் குந்தினாள். இடது காலை மடித்துக்கொண்டு, வலது குதிக்காலைத் தரையில் மெல்ல முன்னும் பின்னும் தேய்த்தாள். தொண்டையை இரண்டு தரம் செருமினாள்.

“அப்ப சரி, பிள்ளை,” என்றாள்.

பேச்சு வந்த நாள் முதல் ‘அக்கா’ என்று கூப்பிட்டவள்.

விமலேஸ்வரி அகப்பையைக் கீழே வைத்தாள். அந்தச் செருமலை அவள் முன்பும் கேட்டிருக்கிறாள். அப்படிச் செருமியவர் செத்து எட்டு மாதம்.

நடராசாவைப் பற்றி ஊர் கதைக்கத் தொடங்கியது அவர் செத்த பிறகுதான். குளத்து வயல்களுக்குக் காவல் இருந்த தனிக்கட்டை; வாயில் எந்நேரமும் புகையிலை, எங்கே போனாலும் தரையில் குந்திக் குதிக்காலைத் தேய்க்கிறவர். ஒருநாள் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு இந்த வீட்டுப் படலையில் வந்து நின்று, இடையில் ஆள் அனுப்பாமல் தானே விமலேஸ்வரியைக் கேட்டார். விமலேஸ்வரி சிரித்தாள். ஜெயரூபி படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் இருவரின் தலைக்கும் மேலே கூரையைப் பார்த்துச் செருமிவிட்டு, “அப்ப சரி, பிள்ளை” என்று திரும்பிப் போனார். கிணற்றடியில் அந்தக் கதை ஒரு மாதம் ஓடியது. பிறகு மாரி வந்தது, அவருக்குக் காய்ச்சல் வந்தது. கொட்டிலுக்குள் அவர் செத்துக் கிடந்ததை ஊர் அறிய நாலு நாள் பிடித்தது.

சாவதற்கு முன் அவர் ஊருக்கென்று செய்த ஒரே காரியம் இரத்தம் கொடுத்ததுதான்.

அது டொக்டர் கதிர்காமநாதனின் ஏற்பாடு. மலைநாட்டில் இருந்து வந்து குடியேறிய இலட்சுமியின் மகள் ராஜினிக்கு மாதம் ஒருதரம் இரத்தம் ஏற்றவேண்டிய பிறவி வருத்தம். அந்தக் குறை வேறு யார் இரத்தத்தில் ஒளிந்து கிடக்கிறது என்று அறிய, டொக்டர், பூநகரியில் இருந்து வந்துபோன சிவகரன் உட்பட, இருநூற்றுப் பதின்மூன்று பேருக்கு ஊசி குத்தினார். தின்னப் பணிசும் குடிக்கப் பிளேன்ரீயும் கிடைக்கும் என்று யாரோ விட்ட புளுகை நம்பி, நடராசா விடிய ஆறு மணிக்கே வந்து முதல் ஆளாகக் கையை நீட்டினார். இலக்கம் ஒன்று.

இரத்தம் வெளிநாட்டுக்குப் போய்த் தாளாகத் திரும்பி வந்தது. ஆளுக்குப் பதினொரு தாள். தாள் நிறைய ஏ, சி, ஜி, ரி என்ற நாலே எழுத்துகள், மூச்சுவிட இடைவெளி இல்லாமல். ஒரு மனிதனை ஆக்குகிற செய்முறையில் ஒரு துண்டு அது என்று டொக்டர் விளக்கினார். மூன்று உரப்பை நிறைந்தது.

“இதெல்லாம் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள்ள அடங்கவேணும், விமலேஸ்வரி. அடுத்த இடம்பெயர்வு எப்ப வருமோ? ஓடேக்க நான் மருந்தைத் தூக்குவனோ, உரப்பையைத் தூக்குவனோ?”

“இவ்வளவும் எப்பிடி டொக்டர் அடங்கும்?”

“எல்லாரும் ஏறக்குறைய ஒண்டுதான். ஆயிரம் எழுத்துக்கு ஒண்டோ ரண்டோதான் மாறும். ஒரு ஆளை முழுக்க எழுதுங்கோ. மற்றாக்களுக்கு மாறுற இடத்தை மட்டும் எழுதினாக் காணும்.”

பிறப்பு இறப்புப் பதிவில் பழகிய கைக்கு இதை இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லை. பதிவேட்டில் அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது. தகப்பனின் விலாசம் எழுதியாயிற்றா? தாயின் விலாசம்: மேற்படி. அறிவித்தவரின் விலாசம்: மேற்படி. அவள் இலக்கம் ஒன்றை முழுதாக வைத்தாள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு சிறு மட்டை. ‘மேற்படி, ஆனால் நூற்றுப் பதினாலாம் எழுத்து சி அல்ல, ரி.’ சிலருக்குப் பத்தொன்பது வரி வந்தது, சிலருக்கு நாலு.

தன்னுடையதை மட்டும் சுருக்கவில்லை. நடராசாவுக்கு மேற்படியாக இருக்க விமலேஸ்வரிக்கு மனம் ஒப்பவில்லை. தன் பதினொரு தாளையும் அப்படியே மடித்து ரின்னின் அடியில் வைத்தாள்.

எழுதி முடித்த தாள்களின் பின்பக்கம் வெள்ளை. கொப்பித்தாளுக்கே தட்டுப்பாடான காலத்தில் அதை எறிவார்களா? மருந்து கொடுக்கிற பத்மாசனி அவற்றை நாலாகக் கிழித்துக் குளிசை சுற்றிக் கொடுத்தாள்.

ஜெயரூபியின் முறை வந்த நாளன்று காலையிலும் வீட்டில் சண்டை. ‘கிழட்டுக் குமர்’ என்ற சொல் விழுந்தது. வேலைக்கு வந்த பிறகும் விமலேஸ்வரியின் காதில் அது கொதித்தது. எண்பத்தேழாம் இலக்கத் தாள்களில் மாறுகிற ஏழு இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டாள். ஏழு வரி எழுதவேண்டும். அவள் எழுதியது ஒரு சொல்.

மேற்படி.

முற்றுப்புள்ளியும் வைத்தாள். தாள்கள் பத்மாசனியிடம் போயின. அந்த நேரத்துக்கு அது நல்ல பகிடியாகத்தான் இருந்தது.

சண்டை பாதியில் நின்ற மறுநாள் இலட்சுமி மகளை இழுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு வந்தாள்.

“அக்கா, இந்தக் கூத்தப் பாருங்க. எம் புள்ள பொயிலை கேக்குது. ஏழு வயசு! கதிரையில குந்தச் சொன்னா தரையில குந்துது. நீங்க ஏத்துன ரத்தம் யாரு ரத்தம்?”

ராஜினி சுவரோரம் இருந்து குதிக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் தலையைச் சிலுப்பிவிட்டுத் தாயின் சீலைத் தலைப்பை வாயில் வைத்துச் சூப்பினாள். மறுபடி குழந்தை. விமலேஸ்வரி ரின்னைத் திறந்து மட்டையை எடுத்தாள். பத்தொன்பது வரி. அதனால்தான் திரும்பி வருகிறாள். வரி கூடியவர்கள் திரும்பி வருகிறார்கள். குறைந்தவர்கள்?

ஆறு வரிக்காரியான பத்மாசனியை அவள் அன்று முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துச் சன்னலில் நின்றபடியே, வரிசையில் வந்த ஒவ்வொருவருக்கும் குளிசையைக் கொடுத்து, இரண்டு தரம் செருமினாள். வரிசையும் செருமியது. பகலில், அத்தனை பேர் நடுவில், மருந்து நெடியும் வியர்வையும் குழைந்த அந்த மண்டபத்தில், ஒருவரும் மற்றவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் டொக்டரிடம் போனாள்.

டொக்டர் வழுக்கைத் தலையைத் தடவிச் சிரித்தார். “மட்டையில எழுதினது ஆக்களை மாத்துமோ? அப்பிடியெண்டா என்ர மட்டையில தலைமயிர் எண்டு ஒரு வரி கூட எழுதிவிடுங்கோவன்.”

“டொக்டர், ஜெயரூபியின்ர தாளைத் திரும்ப எடுப்பிக்க ஏலாதோ? வெளிநாட்டுக்கு எழுதி…”

“எழுதலாம். கடிதம் போய்வர ஒரு வருசம் செல்லும், பிள்ளை.”

‘விமலேஸ்வரி’ என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர். சிரிப்பு இன்னும் வாயில் இருந்தது. ஆனால் அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். பிறகு மேசையைப் பிடித்து மெல்ல இறங்கி, தரையில், மேசைக்குப் பின்னால், அவள் கண்ணுக்குத் தெரியாமல் குந்தினார். சீமெந்தில் குதிக்கால் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

டொக்டரின் மட்டையில் நாலு வரி.

இலக்கம் ஒன்றின் பதினொரு தாளையும் எரித்துவிடலாம் என்று நெருப்புப் பெட்டியை எடுத்தாள். குச்சியை உரசியும் விட்டாள். அப்போதுதான் விளங்கியது. அந்தத் தாள் போனால் மற்றவர்களில் மிஞ்சுவது எது? ராஜினி பத்தொன்பது எழுத்து. டொக்டர் நாலு எழுத்து. ஜெயரூபி ஒன்றுமில்லை. குச்சி விரலைச் சுடும்வரை அதைப் பிடித்தபடி நின்றாள்.

ஏழு வரி. பென்சில் வட்டம் போட்ட ஏழு இடம். அவை இந்த ஊருக்குள்தான், குளிசை சுற்றிய துண்டுகளாக, யார் யார் வீட்டிலோ கிடக்கின்றன.

அடுத்த நாள் காலை முதல் அவள் வீடு வீடாகப் போனாள். மருந்துத் துண்டு சேர்க்கிறாளாம் என்று ஊர் வேலிக்கு வேலி சிரித்தது. அலுமாரித் தட்டில், சீனிப் போத்தல் மூடியில், கூரைச் செத்தையில், எங்கெல்லாம் காகிதத்தைச் செருகி வைப்பார்களோ அங்கெல்லாம் கையை விட்டாள். விரலில் தூசியும் எலிப்புழுக்கையும் ஒட்டின. ஒவ்வொரு வீட்டிலும் ஆட்கள் அவளைத் தேடவிட்டார்கள். தேடும்போது பின்னால் தரையில் குந்தினார்கள். தேய்க்கிற சத்தம். அவள் திரும்பினால் நிற்கும். குனிந்தால் தொடங்கும்.

பத்தாவது வீடு இலட்சுமியுடையது. ராஜினியின் கொப்பிக்கு உறை போட்ட ஒட்டுத் துண்டுகளில் ஒன்றில் பென்சில் வட்டம் தெரிந்தது. மூலையில் எண்பத்தேழு.

வைத்தியசாலைக்கு ஓடினாள். மட்டையை எடுத்து, மேற்படி என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்த முற்றுப்புள்ளியைச் சுரண்டிவிட்டு ஒரு வரி எழுதினாள். மை காய முன்னமே வீட்டுக்கு ஓடினாள்.

ஜெயரூபி தையல் மெசினடியில் தரையில் இருந்தாள். குதிக்கால் நின்றிருந்தது.

“அக்கா.”

விமலேஸ்வரி முழந்தாளிட்டு அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“அக்கா, அங்க சரியான நெருக்கமாக் கிடக்கு. எல்லாரையும் ஒரு ஆளுக்குள்ள வைச்சிருக்கு. மூச்சு விட ஆரின்ரயோ மூக்கைத் தேட வேண்டியிருக்கு. அக்கா, என்னை…”

கண் அப்படியே இருந்தது. அதற்குள் இருந்தவள் இறங்கிப் போனதை விமலேஸ்வரி பார்த்தாள். கிணற்றுக்குள் வாளி போவதைப் பார்ப்பது போல.

இன்னும் ஆறு துண்டு. அவள் வீதிக்கு வந்தாள்.

பின்னேரம் மூன்று மணி. யாரும் சமைக்கிற நேரம் இல்லை. ஆனாலும் எல்லா வீட்டுக் குசினியிலும் புகை எழுந்தது. விறகுப் புகை இல்லை. மெல்லிய, வெள்ளையான, காகிதப் புகை. நாலு குறுக்கு வீதியிலும். ஒரே நேரத்தில். கருகிய துண்டுகள் வேலிக்கு மேலால் பறந்து வந்து அவள் தலைமயிரில் விழுந்தன. ஒன்றைப் பிடித்தாள். ஏ என்று இருந்தது. பொடிந்தது.

அந்தக் கிழமை படலைக்கு ஆட்கள் வந்தார்கள். பத்மாசனியின் தமையன். சங்கக்கடைக்காரன். கோயில் ஐயரின் தம்பி. எல்லோரும் கழுத்துப் பொத்தானைப் பூட்டியிருந்தார்கள். எல்லோரும் தாங்களே கேட்டார்கள். ஒரே சொற்களில். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஜெயரூபி தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

“சிவகரன் உங்களைக் கேக்கிறார், பிள்ளை.”

“அவர் உன்னையெல்லோ கேட்டு வந்தவர்?”

“ஆர் கட்டினா என்ன, பிள்ளை. ஒண்டுதானே.”

தேத்தண்ணியில் ஆடை படிந்தது. மேலே கூரைத் தகரம் வெயிலாறி முறிந்தது. விமலேஸ்வரி தன் குரலைத் தானே கேட்டாள்.

“நான் ஓமெண்டா, என்ர தங்கச்சியை விடுவீங்களோ?”

சொன்ன பிறகுதான் அந்த மரியாதை அவளுக்கு உறைத்தது. தன் தங்கையின் முகத்தைப் பார்த்து, விடுவீங்களோ.

“கலியாணத்துக்கு வருவா,” என்றது அந்த முகம். “வராமல் இருப்பாவோ?”

“ஓம்,” என்றாள் விமலேஸ்வரி.

பிறகு நடந்தது கிளிநொச்சிப் பக்கம் எல்லோரும் அறிந்ததுதான். டொக்டர் கதிர்காமநாதன் வவுனியாவுக்கு மாற்றலாகிப் போனார். ரின்னையும் கொண்டுபோனார் என்கிறார்கள். இலட்சுமி மகளோடு முல்லைத்தீவுப் பக்கம் போய்விட்டாள். பத்மாசனி மல்லாவியில் ஒரு வாத்தியாரைக் கட்டினாள். இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு ஆவணியில், தங்கைக்குப் பேசிய மாப்பிள்ளையை அக்கா கட்டினாள். பூநகரியில் அதை இன்றைக்கும் வைத்துக் கதைக்கிறார்கள். ஸ்கந்தபுரத்தில்தான் கதைக்க ஆள் இல்லை.

கலியாணம் கோயில் மண்டபத்தில், காலை ஒன்பது மணிக்கு, நல்ல வெயிலில். தங்கக்கொடிக்கு வழியில்லை, மஞ்சள் கயிறுதான். ஊரை விட்டுப் போனவர்களும் வந்திருந்தார்கள். ஒருவருக்கும் அழைப்பு அனுப்பவில்லை. வவுனியாவில் இருந்து டொக்டர். முல்லைத்தீவில் இருந்து இலட்சுமியும் ராஜினியும். வேட்டியும் சீலையும் குழந்தைச் சட்டையுமாக, வரிசை வரிசையாக. சிரிப்பில்லை. குழந்தைகளின் அழுகை இல்லை. விமலேஸ்வரி எண்ணினாள். மாப்பிள்ளையோடு இருநூற்றுப் பத்து. செத்தவரையும் தன்னையும் கழித்தும் ஒருத்தி குறைந்தாள்.

அந்த ஒருத்தி பின்னால் வந்து நின்றாள். பின்னலைத் தூக்கிப் பிடிக்கிற தோழியின் இடத்தில். ஜெயரூபி. விமலேஸ்வரி கழுத்தைத் திருப்பாமல் இரகசியமாகக் கூப்பிட்டாள். ஒருதரம். இன்னொரு தரம். கழுத்தில் மூச்சு மட்டும் பட்டது. புகையிலை.

மேளம் முழங்கியது. சிவகரன் கயிற்றைத் தூக்கினான். வெட்கத்தில் அவன் முகம் சிவந்து, தலை குனிந்திருந்தது.

டொக்டரின் தலையும். பத்மாசனியின் தலையும். ஐயரின் தலையும். ஏழு வயதுப் பிள்ளையின் தலையும்.

மண்டபம் முழுக்கக் கைகள் மடியை விட்டு எழுந்தன. நானூறுக்கு மேற்பட்ட கைகள், மார்பளவு உயரத்தில், வெறும் காற்றில். கவனமாக, ஆசையாக, முதல் முடிச்சைப் போட்டன. இரண்டாவதைப் போட்டன.

மூன்றாவதை அவள் பிடரியில் போட்டவை, ஊசி குத்திக் காய்த்துப்போன ஒரு தையல்காரியின் விரல்கள்.